மாஸ்டர் பதம் பார்த்த ஜாம்

போன வாரம் அண்ணியை அடுப்படியில் நிறுத்திவிட்டு வந்தோம். கேஸ் குமிழ் பாதி திறந்து கிடந்தது. வீடு முழுக்க வாடை. அதற்கு நடுவில் மாஸ்டர் சாவகாசமாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டு அண்ணி கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை நாளா இப்படி?"

"அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதிலேர்ந்து" என்றார் மாஸ்டர்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. மாஸ்டர் பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்க்கிறவர். ஒவ்வொரு கலவை கிரீமும் அவர் மேஜைக்கு வரும். மோந்து, நாக்கில் வைத்து, தலையை ஆட்டினால் அது பிஸ்கட்டுக்குள் போகும். ஆட்டாவிட்டால் சாக்கடைக்குப் போகும். அவருடைய மனைவியைக் கம்பெனிக் குடியிருப்பில் பெரியவர் சிறியவர் எல்லோருமே அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

இப்போது மாஸ்டருக்கு வாசனை இல்லை. இனிப்பும் உப்பும் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்கிற பாட்டு மாதிரி லேசாகத் தெரிகின்றன. மற்றதெல்லாம் வாயில் ஈரமான காகிதம். இரண்டு மாதமாக அவர் கிரீமைப் பார்த்து, விரலால் தடவி, எதிரில் நிற்பவன் முகத்தைப் படித்துத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார். வெளியே தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். சுவர் முதல் கதவுத் தாழ்ப்பாள் வரை எல்லாம் கம்பெனியுடையது. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் பாக்கி.

"அதுவரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியமாச் சொல்லுங்க" என்று கேட்டவள் அண்ணி. அடித்துச் சொன்னவர் மாஸ்டர். அங்கேதான் போன வாரம் நிறுத்தினோம்.

இன்று ஜாம் கிண்டும் நாள்.

குளிர்கால விடுமுறைக்கு முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வீட்டில் பெர்ரி ஜாம் கிண்டுவார்கள். குடியிருப்பில் பாதி வீட்டுக்கு ஒவ்வொரு பாட்டில் போகும். பழம் மலிவாகக் கிடைத்த காலத்தில் வாங்கிக் காம்பு கிள்ளி ஃப்ரீசரில் போட்டு வைத்ததெல்லாம் அன்று வெளியே வரும். காலையிலிருந்தே கீழ்வீட்டுக்காரர்கள் காலி பாட்டிலைக் கழுவித் துடைத்துப் படிக்கட்டில் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கேட்டு வாங்க வெட்கமாம். பாட்டில் மட்டும் தானாக நடந்து வந்ததாக நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

"இந்த வருஷம் வேண்டாங்க, உடம்பு சரியில்லன்னு சொல்லிடுவோம்" என்று அண்ணி நேற்றே சொல்லிப் பார்த்தாள்.

"கிண்டலன்னாத்தான் ஏன்னு கேப்பாங்க" என்றார் மாஸ்டர். அது சரிதான்.

அதனால் அண்ணி ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். கரண்டி அவர் கையில், மூக்கு இவளுடையது. அவர் பக்கத்திலேயே நின்று பழம் வெந்துவிட்டது, நுரையை எடுங்க, தீயைக் குறைங்க என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பட்டை, கிராம்பு, ஒரு துண்டு ஜாதிக்காய், ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் முடிந்து அடிகனமான பாத்திரத்தில் தொங்கவிட்டிருந்தாள். கருஞ்சிவப்பாகக் கொதி வந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து வெளியே இருந்த சாம்பல் வானமும் மறைந்துபோனது.

"எப்படி இருக்கு வாசனை?" என்று மாஸ்டர் கேட்டார்.

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா எப்படி? கிராம்பு முன்னாடி வருதா, பட்டை முன்னாடி வருதா?"

அண்ணிக்கு அழுகை வந்தது. முப்பது வருஷமாக அவர் இவளுக்குச் சொன்ன விஷயம் அது. எது முன்னால் வருகிறது, எது பின்னால் வருகிறது என்று அவர் சொல்லித்தான் இவளுக்குத் தெரியும். "கிராம்பு" என்று குத்துமதிப்பாகச் சொன்னாள். அவர் அதை அப்படியே நம்பித் துணிமூட்டையைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டினார்.

அப்போது வாசல் மணி அடித்தது.

வந்தது மாஸ்டரின் தங்கை. அதே தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு மேற்பார்வை. கணவரும் அங்கேதான், கிரீம் கலக்கும் இயந்திரம் அவர் பொறுப்பு. தங்கை ஜாம் நாளைத் தவற விட்டதே இல்லை. வரும்போதே குரல் படியேறி முன்னால் வரும். இன்று சத்தமில்லாமல் வந்து, குளிருக்குப் போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்று அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அவரை வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க அண்ணி. லீவு முடியறவரைக்கும் வீட்ல இரு, அப்புறம் முடிவு சொல்றோம்னு."

அண்ணி சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் அருகில் உட்கார்ந்தாள். "எதுக்கு?"

"கடையிலேர்ந்து பெட்டி பெட்டியாத் திரும்பி வருது. கிரீம்ல சிக்கு வாடை. எண்ணெய் கெட்டுப்போனதுதான், சந்தேகமே இல்ல, நானே மோந்து பார்த்தேன். கொமட்டிக்கிட்டு வந்துச்சு."

"அதுக்கு மாப்பிள்ளை என்ன செய்வார்?"

"அதே கேள்வியத்தான் அவரும் கேக்கறார்." தங்கை கசப்பாகச் சிரித்தாள். "அந்தக் கலவை அண்ணன் மேஜைக்கு வந்து, அண்ணன் சரின்னு சொல்லி அனுப்பினது. அப்ப கெட்டது அதுக்கு அப்புறம்தானே? மேனேஜர் அப்படித்தான் சொல்றார். இவர்தான் பழைய எண்ணெய மேல ஊத்தியிருக்கணும், இல்லன்னா டிரம்ம மூடாம போட்டிருக்கணும். வேற வழியே இல்லையே?"

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?" அண்ணியின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அத ஏன் கேக்கறீங்க! 'எனக்கு அன்னிக்கே வாடை அடிச்சுச்சு. ஆனா மாஸ்டர் சரின்னுட்டார், நம்ம மூக்குதான் தப்புன்னு வாய மூடிக்கிட்டேன்'ங்கறார். எவ்வளவு துணிச்சல் பாருங்க! தான் செஞ்ச தப்ப என் அண்ணன் தலையில கட்டப் பாக்கறார். எனக்கு வந்துச்சே கோபம். நாலு நாளா அவரோட பேசல நான். சோத்த மூடி வச்சுட்டு வந்துடறேன். அவர் பால்கனியில உக்காந்து தெருவப் பாத்துக்கிட்டே இருக்கார். பாக்கப் பாவமாவும் இருக்கு, பத்திக்கிட்டும் வருது."

அண்ணி வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? சொல்ல வேண்டியது ஒன்றுதான், அது நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் இந்த நாற்காலி, இந்தச் சுவர், படிக்கட்டில் காத்திருக்கும் பாட்டில்கள் எல்லாம் அவள் கண்முன் வந்து நின்றன. ஐம்பத்தாறு வயதில் சாமான்களைக் கட்டிக்கொண்டு எங்கே போவது? அவள் தங்கையின் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தாள். அதுதான் அவளால் முடிந்தது.

தங்கையின் நம்பிக்கையை நாம் குறை சொல்லவும் முடியாது. பெற்றோர் போனபின் அவளை வளர்த்தது அண்ணன். அப்போதெல்லாம் பால் டம்ளரோ ரொட்டித் துண்டோ முதலில் அவர் ஒரு வாய் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் தருவார். அந்தப் பழக்கம் இந்த வீட்டில் சட்டமாகவே நின்றுவிட்டது. மாஸ்டர் நாக்கில் படாமல் எதையும் யாரும் ருசி பார்ப்பதில்லை. அவர் சொன்ன பிறகு யாரும் மறுபேச்சுப் பேசுவதுமில்லை. அப்படி வளர்ந்தவளுக்கு அண்ணன் நாக்கா, கணவன் மூக்கா என்று வந்தால் எதை நம்புவாள்?

"என்ன அண்ணி, தீயற வாடை வருது?" என்று தங்கை திடுமென நிமிர்ந்தாள்.

அண்ணிக்கும் அப்போதுதான் உறைத்தது. இருவரும் ஓடினார்கள்.

சமையலறையில் புகை மெல்லிசாகப் படர்ந்திருந்தது. மாஸ்டர் பாத்திரத்தின் முன்னால் நின்றிருந்தார். கரண்டி ஜாமுக்குள் நின்றது. கை அதன்மேல் அசையாமல் இருந்தது. முன்னறைப் பேச்சு முழுவதையும் அவர் கேட்டிருக்கிறார். எந்த இடத்தில் கை நின்றதோ, அவருக்கே தெரியாது. இவர்கள் காலடிச் சத்தம் கேட்டதும் அவசரமாகக் கிண்ட ஆரம்பித்தார். அடியிலிருந்து கருப்புச் செதில்கள் மேலே வந்து சிவப்போடு கலந்தன.

"பதம் வந்தாச்சு" என்றார்.

சொல்லிவிட்டு ஃப்ரீசரிலிருந்து சில்லென்ற தட்டை எடுத்து ஒரு சொட்டு விட்டார், விரலால் தள்ளினார். சொட்டு சுருக்கம் விழுந்து நின்றது, பதத்துக்கு அடையாளம் அதுதான். கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து ஊதி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். எத்தனையோ வருஷமாகச் செய்கிற அதே தோரணை. "அருமை."

பிறகு கண்ணைத் திறந்து அண்ணியின் முகத்தைப் பார்த்தார். இரண்டு மாதமாக முகம் படித்தே பிழைப்பை ஓட்டியவர் அல்லவா? ஒரே பார்வையில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

தங்கையும் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். முகம் கோணியது. "அண்ணா... ஒரு மாதிரி கசக்குதே?"

"கிராம்ப வறுத்துப் போட்டேன் இந்த வருஷம். அந்த வாசனைதான்." சற்றும் தயங்காமல் வந்தது பதில்.

"அதானே பார்த்தேன்!" தங்கையின் முகம் உடனே தெளிந்தது. இன்னொரு வாய் வைத்தாள். சப்புக் கொட்டினாள். "ஆமா, இப்பத் தெரியுது. வறுத்த வாசனைதான். எனக்கு நாலு நாளா வாயே கசந்து கிடக்கு, அதான் புரியல. நல்லா இருக்குண்ணா."

பாவம், நிஜமாகவே அவளுக்கு நன்றாக இருந்தது. நாக்கில் கரியை வைத்துக்கொண்டு, அண்ணன் சொன்னதற்காக அதில் ருசி கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்படித்தானே மாப்பிள்ளையும் தன் மூக்கை நம்பாமல் வாயை மூடிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"வறுக்கலம்மா" என்றார்.

"என்னண்ணா?"

"கிராம்ப வறுக்கல. ஜாம் அடிபிடிச்சுப் போச்சு. நான் பக்கத்துலயே நின்னேன், எனக்குத் தெரியல. எனக்கு வாசனையே தெரியறதில்லம்மா. காய்ச்சல் வந்ததிலேர்ந்து இல்ல. அந்தக் கலவை என் மேஜைக்கு வரும்போதே கெட்டுத்தான் வந்திருக்கு. மாப்பிள்ளை சொல்றது நிஜம். நாளைக்கு விடுமுறை ஸ்பெஷல் கலவை வருது. அதுக்கும் நான் சும்மாதான் தலையாட்டப் போறேன்."

தலையில் அடித்துச் சொன்னவர் ஒரே வாரத்தில் போட்டு உடைத்துவிட்டார். அண்ணிக்குக் கோபமும் வந்தது, கூடவே என்னவோ பாரம் இறங்கியது போலவும் இருந்தது.

தங்கை அண்ணனை உற்றுப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் திரண்டது. ஆனால் அவள் சொன்னது மாஸ்டர் எதிர்பார்த்ததில்லை.

"எனக்காகவா அண்ணா?"

"என்னது?"

"என் புருஷனக் காப்பாத்தறதுக்கு நீ இப்படிச் சொல்லணுமா? உன் நாக்கு போச்சுன்னு உன் வாயாலயே சொல்லணுமா?" அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "முன்னறையில நான் பேசினதக் கேட்டுட்டே, அதானே? கேட்டதும் உன்னால தாங்க முடியல. எனக்குத் தெரியாதா உன்னை?"

"இல்லம்மா, நிஜமாத்தான் சொல்றேன்."

"போதும்ணா. சின்ன வயசுலயும் இப்படித்தான். நான் ஒடச்ச கண்ணாடிக்கு நீ அடி வாங்கினே. இப்ப அவர் கெடுத்த எண்ணெய்க்கு நீ வேலையை விடப் போறியா? விட மாட்டேன்."

மாஸ்டர் பாத்திரத்தைச் சாய்த்து அடியைக் காட்டினார். கருப்பு கட்டியாகப் படிந்திருந்தது. "பாரு. இதுக்கு மேல என்ன காட்டணும்?"

"எங்க பேச்சக் கேட்ட பராக்குல கொஞ்சம் பிடிச்சிருக்கும். அடி பிடிக்காத ஜாம் எந்த வீட்ல இருக்கு? வாயில தெரியறது வறுத்த கிராம்புதான்." அவள் அண்ணியின் பக்கம் திரும்பினாள். "அண்ணி, நீங்க சொல்லுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. இவருக்கு வாசனை தெரியலங்கறது நிஜமா?"

மாஸ்டர் அண்ணியைப் பார்த்தார். சொல்லிவிடு என்று அந்தக் கண்கள் கெஞ்சின. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் எதற்கும் கெஞ்சியதில்லை.

ஒரு 'ஆமாம்' போதும். பால்கனியில் உட்கார்ந்திருக்கும் மனிதர் உள்ளே வந்து சோறு சாப்பிடுவார். தங்கை அவரோடு பேசுவாள். அண்ணிக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்தது. ஆனால் அந்த 'ஆமாம்' சொன்ன மறுநாள் காலையில் இந்தச் சமையலறையில் யார் நிற்பார்கள் என்பதும் தெரிந்தது.

"உன் அண்ணனைப் பத்தி உனக்குத் தெரியாதாம்மா?" என்றாள் அண்ணி. "உன் கண்ணுல தண்ணி வந்தா அவர் எதை வேணும்னாலும் சொல்லுவார்."

மாஸ்டர் பாத்திரத்தை மெதுவாக மேடை மேல் வைத்தார்.

தங்கைக்கோ முகம் மலர்ந்துவிட்டது. அண்ணன் தோளில் ஒரு கணம் சாய்ந்துகொண்டாள். படிக்கட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து வெந்நீரில் முக்கித் துடைத்து, சுடச்சுட ஜாமைத் தானே ஊற்றிக்கொண்டாள். அண்ணி தடுத்துப் பார்த்தாள். "ஆறட்டும்மா, நாளைக்கு நானே கொண்டு வந்து தரேன்."

"இல்ல அண்ணி, இப்பவே வேணும். இத அவர் முன்னால வச்சுச் சொல்லப் போறேன். நீங்க அண்ணன் மேல பழி போட்டீங்க, அண்ணனோ உங்களக் காப்பாத்த பொய் சொல்லக்கூடத் துணிஞ்சிட்டாருன்னு. அப்பவாவது அவருக்கு உறைக்கட்டும். உறைச்சு ஒத்துக்கிட்டாருன்னா நான் பேசிடுவேன். எனக்கு மட்டும் பேசாம இருக்கணும்னு ஆசையா?"

பாட்டிலைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். போகும்போது குரல் பழையபடி அவளுக்கு முன்னால் போயிற்று. கீழ்வீட்டுக்காரியிடம், "ஜாம் ரெடி, இந்த வருஷம் கிராம்பு வறுத்துப் போட்டிருக்கு" என்று சொல்வது மேலே கேட்டது.

வீடு அமைதியாகிவிட்டது. அண்ணி ஜன்னலைத் திறந்தாள். குளிர்காற்று உள்ளே வந்தது, தீய்ந்த வாடை மட்டும் போவதாகக் காணோம். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் கம்பி நாரால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் கருத்தது. மாஸ்டர் முன்னறையில் தங்கை உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்காகத்தாங்க" என்றாள் அண்ணி, சமையலறையிலிருந்தே.

நாரை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"ரெண்டு வருஷம். கண்ணை மூடித் திறந்தா ஓடிடும். மாப்பிள்ளைக்கு வயசிருக்கு, வேற வேலை தேடிப்பார். நமக்கு யார் இருக்கா?" சொல்லும்போதே அந்த வார்த்தைகள் அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னாள். யாராவது அதைச் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மாஸ்டர் நாற்காலியில் இருந்தபடியே பேசினார். "மாப்பிள்ளை கிரீம் கலக்கறவர். பதினெட்டு வருஷமா எண்ணெயோடயும் சர்க்கரையோடயும் கெடக்கறவர். அவர் மூக்கு நல்லா இருக்கு."

"அதுக்கென்ன?"

"அந்த ஜாம ஒரு வாய் வச்சாப் போதும். கிராம்பு வறுத்ததா, அடி தீய்ஞ்சதான்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். இதை மாஸ்டர் அருமைன்னு சொன்னாரா, தனக்கு வாசனையே தெரியலன்னும் சொன்னாரான்னு ஒரு கேள்வி கேப்பார். அவ ஆமான்னு சொல்லுவா. அப்புறம் உன்னைப் பத்திக் கேப்பார். அண்ணி என்ன சொன்னாங்கன்னு."

அண்ணி நாரைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். தெருவில் விளக்குகள் அதற்குள்ளேயே எரிய ஆரம்பித்திருந்தன. தங்கை கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இல்லை. அவள் வீடு அடுத்த தெருதான். இந்நேரம் கோட்டைக் கழற்றிக்கொண்டிருப்பாள்.

இருவரும் காத்திருந்தார்கள். அண்ணி தேநீர் போட்டு அவர் முன்னால் வைத்தாள். அது ஆடை கட்டி ஆறிப்போனது. கீழ்வீட்டுக்காரி பாட்டில் என்ன ஆயிற்று என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, இவர்கள் முகத்தைக் கண்டு சத்தமில்லாமல் திரும்பிப் போனாள்.

மேஜை மேல் இருந்த செல்போன் அதிர ஆரம்பித்தது. திரையில் தங்கையின் படம். அண்ணி பாய்ந்து எடுத்தாள், ஆனால் பேசும் பொத்தானை அழுத்த விரல் வரவில்லை. என்ன சொல்லிச் சமாளிப்பது என்று மனசு அங்குமிங்கும் ஓடியது. பாத்திரம் பழசு என்று சொல்லலாம். அடுப்பைக் கூட்டியது நான்தான் என்று சொல்லலாம்.

மாஸ்டர் எழுந்து வந்து அவள் எதிரில் நின்று கையை நீட்டினார்.

"கொடு. இந்தத் தடவை நீ பேச வேண்டாம்."